வேற தண்ணி பாத்துக்குங்க

முப்பத்தொரு வருஷம் தண்ணியை முகர்ந்து பார்த்துச் சம்பளம் வாங்கினவ நான். பெருமைக்குச் சொல்லலை. கொஞ்சம் முன்னாடி உங்க சூப்பர்வைசர் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசினாரே, அதுல பாதி எனக்கே புதுசு. "தவறே செய்யாத ஊழியர்"னு வேற ஒரு போடு போட்டார். அப்பவே எழுந்து போயிடலாமான்னு பார்த்தேன். பத்து மணிக்குச் சாப்பிட நாசி லெமாக் வருதுன்னு பக்கத்துல இருந்த பொண்ணு சொல்லுச்சு, உட்கார்ந்துட்டேன்.

வேலையை எப்படிச் செய்யறதுன்னு நான் சொல்லப் போறதில்லை. அதுக்குப் புத்தகம் இருக்கு, கோர்ஸ் இருக்கு, உங்க கையில எப்பவும் போன் இருக்கு. நான் சொல்லப் போறது ஒரு வாரத்துல நடந்ததை. அந்த வாரத்துல நான் ஒரு பொய்கூடச் சொல்லலை. ஒரு சாம்பிளைக்கூடத் தப்பா எடுக்கலை. அப்படியும் என் வாயால ஒரு அஞ்சு வயசுப் பிள்ளைக்கு உயிர் போகப் பார்த்துச்சு. கூட்டிக் கழிச்சுச் சொல்லலை, நடந்தது அதுதான்.

நான் இருந்த தண்ணி சுத்தம் பண்ற பிளாண்ட் பேரு வேண்டாம். எங்க குழாய் போய் முடியற கடைசி இடம், கோலா கெத்தில் தாண்டி உள்ள போற ஒரு தோட்டம். ஒரு காலத்துல பூரா பால்மரம், ரப்பர்தான், இப்ப பாதி செம்பனை. வேலையாளுங்க குடியிருக்கிற லயத்து வீடு ஒரு நாப்பது மிச்சம் இருக்கு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பாலர் பள்ளி. அந்தப் பாலர் பள்ளிக் குழாய்லதான் நாங்க கடைசி சாம்பிள் எடுப்போம். பிளாண்ட்ல இருந்து கிளம்பின தண்ணி அங்க போய்ச் சேர ரெண்டு மூணு நாள் ஆகும்.

அந்தப் பள்ளி டீச்சர் பேரு பாக்கியம். நாப்பது வயசு தாண்டினவங்க. கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கோயில் கோயிலா ஏறி இறங்கி, அப்புறம் பிறந்த ஒரே பொண்ணு தர்ஷினி. அந்தப் பிள்ளையும் அதே பள்ளியிலதான் மத்த பிள்ளைங்களோட உட்கார்ந்திருக்கும். மாசம் ஒரு தடவை நான் போவேன். குழாயைத் திறந்துவிட்டுட்டு நிக்கிற நேரத்துல டீச்சர் தேத்தண்ணி கொண்டு வந்து கொடுப்பாங்க. தோட்டத்துல எனக்குப் பேரு லேப் அக்கா. நானும் இந்த மாதிரி ஒரு லயத்துல பிறந்தவதான், அதனால அங்க என்னை வெளி ஆளா யாரும் பார்க்கலை. அது நல்லதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

இப்ப ஒரு நிமிஷம் பாடம். உங்களுக்குத் தெரிஞ்சதுதான், பின்னாடி வரிசையில உட்கார்ந்திருக்கிற ஆபீஸ் பிள்ளைங்களுக்காகச் சொல்றேன். மாசி பங்குனியில பால்மரம் இலையைக் கொட்டும். வெயில் காலம் முடிஞ்சு முதல் மழை அடிச்சா, அத்தனை இலைச்சாறும் ஆத்துல இறங்கும், ஆறு தே ஓ கலருக்கு, பால் ஊத்தாத தேத்தண்ணி கலருக்கு வந்துடும். அந்தத் தண்ணியில குளோரினைப் போட்டா கிருமி சாகும். ஆனா குளோரின் அதோட சும்மா இருக்காது, இலைச்சாறோடவும் சேர்ந்து வேற சில சாமானைப் பெத்துப் போடும். அதுல பெரிய குடும்பம் டிரைஹாலோமீத்தேன், சுருக்கமா டி.எச்.எம். அளவுக்கு மேல இருக்கிற தண்ணியை ஆயுசு பூரா குடிச்சா புற்றுநோய் வரலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு. "ஆயுசு பூரா"ங்கிறதையும் "வரலாம்"ங்கிறதையும் நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. நான் அந்த ரெண்டையும்தான் முழுங்கிட்டேன்.

குழாய் எவ்வளவு நீளமோ, தண்ணி உள்ள எவ்வளவு நேரம் நிக்குதோ, அவ்வளவுக்கு இந்தச் சாமான் கூடும். அதனால பிளாண்ட் வாசல்ல நல்லா இருக்கிற தண்ணி, தோட்டத்துக்குப் போறப்ப வேற மாதிரி இருக்கும். அந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வந்துச்சு. கடைசிக் குழாயில டி.எச்.எம். அளவைத் தாண்டி நின்னுச்சு.

காரணம் எனக்கு உடனே தெரிஞ்சுது. தண்ணி உள்ள வர்ற ஆத்து வாசல்லயே குளோரினைப் போடறது எங்க பழக்கம். வெயில் காலத்துல குழாயில பாசி பிடிக்காம இருக்கத் தொடங்கினது. தண்ணி கறுத்தா அதை நிறுத்திட்டு, அழுக்கு அடியில இறங்கின பிறகு போடணும். அது எல்லாருக்கும் தெரியும். யாரும் செய்யலை, நானும் கேக்கலை. பழக்கம்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு ஆபீசர் கையெழுத்துகூடத் தேவையில்லை.

பேப்பரை எடுத்துக்கிட்டு என்ஜினியர் ரூமுக்குப் போனேன். அவர் மலாய்க்காரர், என்னைவிடப் பத்து வயசு சின்னவர், என்னைக் "கக்"னுதான் கூப்பிடுவார், அக்கான்னு அர்த்தம். நல்ல மனுஷன். ஆனா எதைக் கொண்டு போனாலும் "நந்தி டூலு"ம்பார். கொஞ்சம் பொறுங்கன்னு அர்த்தம். பம்ப் எரிஞ்சாலும் நந்தி டூலு, லீவு கேட்டாலும் நந்தி டூலு. அன்னிக்கும் அதையேதான் சொன்னார். இன்னொரு சாம்பிள் எடுங்க, அதுவும் கூட இருந்தா மருந்து போடற இடத்தை மாத்துவோம், அதுவரைக்கும் வெளியே பேச்சு வேண்டாம், மேலிடத்துக்குத் தெரிஞ்சா நூறு கேள்வி வரும்னார்.

இதைக் கவனமாக் கேளுங்க. அவர் சொன்ன வேலை சரி. ஒரு சாம்பிளை வச்சு யாரும் முடிவு எடுக்கக் கூடாது, இந்தச் சாமான் ஒரு வாரத்துல ஆளைக் கொல்றதும் இல்லை. ஆனா அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கலை. அவருக்குக் கேள்வி வருமேன்னு கவலை, குடிக்கிறவங்களைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையேன்னு எனக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சுது. காரணம் பிடிக்கலைங்கிறதுக்காக, சொன்ன வேலையும் தப்புன்னு முடிவு கட்டிட்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. எங்கம்மா என்னை வளர்த்தப்ப தினமும் சொன்னதுதான், காதுல ஏறலை.

மறுநாள் புதன்கிழமை வேனை எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். சாம்பிள் எடுத்தேன். டீச்சர் தேத்தண்ணியோட வந்தாங்க. போன வாரம்தானே வந்தீங்க, திரும்ப எதுக்கு வந்தீங்கன்னு கேட்டாங்க. சும்மாதான்னு சொல்லிட்டு வந்திருக்கலாம். தர்ஷினி பக்கத்துல நின்னுக்கிட்டுத் தண்ணி போத்தலோட மூடியைக் கடிச்சுக்கிட்டிருந்தா. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேக்கலை.

"டீச்சர், கொஞ்ச நாளைக்கு இந்தக் குழாய்த் தண்ணியைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்காதீங்க. புற்றுநோய் வர்ற சாமான் ஒண்ணு அளவுக்கு மேல இருக்கு. நான் சொன்னேன்னு யாருக்கும் தெரிய வேண்டாம்."

டீச்சர் முகம் மாறிப் போச்சு. அப்ப என்ன தண்ணி கொடுக்கறதுன்னு கேட்டாங்க. எனக்கு மணியாச்சு, சாம்பிள் ஐஸ் பெட்டியில இருக்கு, பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பணும். வேன்ல ஏறிக்கிட்டே சொன்னேன், "வேற தண்ணி பாத்துக்குங்க."

அவ்வளவுதான். திரும்பி வர்ற வழியில எனக்குப் பெரிய நிம்மதி. ஊருக்கு உண்மையைச் சொல்லிட்டேன், என்ஜினியர் மாதிரி மூடி மறைக்கலைன்னு ஒரு திமிரு. கோலா கெத்தில்ல நிறுத்தி வடை வாங்கித் தின்னேன். அந்த வடையை நினைச்சா இன்னிக்கும் எனக்கு வெக்கமா இருக்கு.

அடுத்த புதன்கிழமை ரெண்டாவது ரிசல்ட் வந்துச்சு. அதுவும் அளவுக்கு மேலதான். என்ஜினியர் மறுபேச்சுப் பேசலை. அன்னிக்குக் காலையிலேயே ஆத்து வாசல் குளோரினை நிறுத்தி, போடற இடத்தை மாத்தச் சொல்லிட்டார். அந்த மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாத்தினார். நான் மூணாவது சாம்பிளுக்குத் தோட்டத்துக்குக் கிளம்பினேன்.

பாலர் பள்ளி பூட்டிக் கிடந்துச்சு. குழாயை ராஃபியா பிளாஸ்டிக் கயித்தால இறுக்கிக் கட்டி, ஒரு அட்டையில தமிழ்லயும் மலாய்லயும் குடிக்காதேன்னு எழுதித் தொங்கவிட்டிருந்தாங்க. கயித்தை அவுத்துக் குழாயைத் திறந்தேன். உள்ள நின்ன தண்ணி புழுங்கின வாடையோட வந்துச்சு. குளோரின் இருக்கான்னு பார்க்கிற மாத்திரையைப் போட்டேன். ரோஸ் கலர் வரணும். குலுக்கிப் பார்த்தேன், வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன், வரலை. ஒரு வாரமா யாரும் திறக்காததால தண்ணி அங்கேயே நின்னு, இருந்த மருந்தும் செத்துப் போச்சு. குடிக்காதேன்னு நான் சொன்னதால அந்தத் தண்ணி முன்னைவிடக் கெட்டுப் போயிருந்துச்சு.

கோயில் தலைவர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தார். அவர்தான் சொன்னார். சனிக்கிழமையில இருந்து பிள்ளைங்களுக்கு வாந்தி, வயித்துப்போக்கு. ஒன்பது பிள்ளைங்க. எட்டுப் பேரு கிளினிக்குல மருந்து வாங்கிட்டுத் தேறி வர்றாங்க. டீச்சர் பொண்ணு மட்டும் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில கிடக்குது, நேத்துல இருந்து ஒண்ணுக்குப் போகலையாம், கிட்னி போயிடுமோன்னு டாக்டருக்கே பயமாம்.

என்ன தண்ணி குடிச்சாங்கன்னு கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். மலைத் தண்ணிதான், வேற என்ன தண்ணி இருக்கு இங்கன்னார்.

தோட்டத்துக்குப் பின்னால மலைச் சரிவுல ஒரு ஓடை இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல கட்டின சிமெண்டுத் தொட்டி, அதுல இருந்து லயத்துக்கு ஒரு ரப்பர் குழாய். சட்டி கழுவ, செடிக்கு ஊத்தன்னு வச்சிருந்தாங்க. முதல் மழையில மேலே மேயற மாட்டோட சாணி, பன்னி கிளறின சேறு எல்லாம் அந்தத் தொட்டியிலதான் வந்து இறங்கும். அது அவங்களுக்கும் தெரியும். ஆனா கண்ணுக்குப் பளிங்கு மாதிரி இருக்கும், வாயில போட்டா இனிக்கும்.

அங்க இருந்து நேரா ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். மூணாவது சாம்பிளை எடுக்கவே இல்லை. என் சர்வீஸ்ல நான் எடுக்காம விட்ட ஒரே சாம்பிள் அது.

பிள்ளை வார்டுல டீச்சர் கட்டில் ஓரமா உட்கார்ந்திருந்தாங்க. தர்ஷினி கண்ணு உள்ள போய், உதடு காஞ்சு கிடந்தா. கையில ட்ரிப். கட்டில் பக்கத்துல ஒண்ணுக்கு அளக்கிற பை காலியாத் தொங்குச்சு. டீச்சர் என்னைத் திட்டுவாங்க, அடிச்சாலும் வாங்கிக்குவோம்னு நினைச்சுத்தான் போனேன். அவங்க திட்டலை. உட்காருங்கன்னாங்க. மலைத் தண்ணியைக் காய்ச்சலையா டீச்சர்னு கேட்டேன். அந்த நேரத்துலயும் எனக்குப் பழி போட ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கு, பாருங்க.

"அதுலதான் மருந்து இல்லையேக்கா. எதுக்குக் காய்ச்சணும்?"

பிள்ளைங்களா, இந்த இடத்துல நான் செத்துட்டேன். எங்க ஆளுங்க குளோரினை மருந்துன்னுதான் சொல்வாங்க. தோட்டத்துல குழாய்த் தண்ணியை எல்லா வீட்டுலயும் காய்ச்சுவாங்க. ஏன்? மருந்து வாடை போகறதுக்கு. கிருமிக்காக இல்லை. எங்கம்மாவும் அதுக்குத்தான் காய்ச்சினாங்க. மருந்து இல்லாத தண்ணின்னா சுத்தமான தண்ணி, அதை அப்படியே மொண்டு குடிக்கலாம். இது எனக்குப் பிறந்ததுல இருந்து தெரியும். வேற என்ஜினியர், வேற கெமிஸ்ட் யாராவது இந்தத் தப்பைப் பண்ணியிருந்தா, தெரியாமப் பண்ணிட்டார்னு சொல்லலாம். நான் அந்த லயத்துல வளர்ந்தவ. வேற தண்ணின்னு நான் சொன்னா அவங்க எங்க போவாங்க, அதை எப்படிக் குடிப்பாங்கன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லியிருக்க வேண்டியவ நான்.

என் மேலதான் தப்பு டீச்சர்னு சொன்னேன். அவங்க பிள்ளை காலைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. "நீங்க சொன்னீங்க, நான் செஞ்சேன்"னாங்க. நான் எழுந்து வந்துட்டேன்.

சாயந்திரம் என்ஜினியர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். போன வாரம் நான் டீச்சர்கிட்ட என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன், வடை வரைக்கும் சொன்னேன். அவர் எழுந்து போய் வெளியே யாராவது இருக்காங்களான்னு பார்த்தார். அப்புறம் கதவைச் சாத்திட்டு வந்து சொன்னார், கக், ஆபீஸ்ல இது நம்ம ரெண்டு பேருக்கும்தான் தெரியும், டீச்சரும் சொல்ற மாதிரி இல்லை, மலைத் தண்ணி குடிச்சாங்க, சீக்காயிட்டாங்க, அதோட முடிஞ்சுது, உங்களுக்கு ரிட்டையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தானே.

அவர் என்னைக் காப்பாத்தத்தான் பார்த்தார். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் அது இனிப்பாத்தான் இருந்துச்சு, மறைக்க மாட்டேன். ஆனா நான் ஒண்ணு யோசிச்சேன். நாளைக்குச் சுகாதார இலாகாக்காரங்க வந்து மலைத் தொட்டியை மூடுவாங்க. மூடினா ஜனங்க குழாய்க்குத் திரும்பி வருவாங்களா? மாட்டாங்க. குழாய்ல புற்றுநோய் இருக்குன்னு லேப் அக்காவே சொன்னதா லயம் பூரா பரவின பிறகு யாரு வருவா. ஆத்துல மொள்ளுவாங்க, பழைய கிணத்தைத் தோண்டுவாங்க. அவங்க ஏன் குழாயை விட்டுட்டுப் போனாங்கன்னு தெரியாத ஆளு அவங்களைக் குழாய்க்குத் திரும்பக் கூட்டிட்டு வர முடியாது. அதனால நடந்ததை ரிப்போர்ட்டா எழுதித்தான் ஆகணும்னு சொன்னேன். பெரிய தியாகம்னு நினைச்சுடாதீங்க. வேற வழி தெரியலை.

எழுதினேன். எச்சரிக்கைக் கடிதம் வந்துச்சு, வர வேண்டிய பதவி உயர்வு வரலை. அது அதோட போச்சு.

இன்னொரு பேப்பர்லயும் அன்னிக்குக் கையெழுத்துப் போட்டேன். கடைசிக் குழாயில மருந்தே இல்லை, தோட்டத்துல ஒன்பது பிள்ளைங்க சீக்கு, சில வீட்டுல மலைத் தண்ணிக் குழாயையும் எங்க தண்ணித் தொட்டியிலேயே சொருகி வச்சிருந்தாங்க. கடைசிக் குழாய் வரைக்கும் மருந்து போய்ச் சேரணும்னா குளோரினைக் கூட்டணும். ஆத்துத் தண்ணி இன்னும் தே ஓ கலர்லதான் இருக்கு. போடற இடத்தை மாத்தியாச்சுதான், ஆனா அதோட பலன் அந்தக் கடைசி இடத்துல தெரிய இன்னும் நாளாகும். அதுவரைக்கும் குளோரினைக் கூட்டினா டி.எச்.எம்.மும் கூடும். எந்தச் சாமானுக்குப் பயந்து குழாயைக் கட்டச் சொன்னேனோ, அதையே கூட்டறதுக்கு நானே கையெழுத்துப் போட்டேன். யோசிக்க அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. கிருமியா இந்தச் சாமானான்னு கேட்டா, முதல்ல கிருமி. இது புத்தகத்துலயே இருக்கு. நான் அதைப் பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன்.

வியாழக்கிழமை தோட்டத்துக் குழாயையெல்லாம் திறந்துவிட்டு நின்ன தண்ணியை வெளியேத்தினோம். அன்னிக்குப் பூரா ஆஸ்பத்திரியில இருந்து ஒரு சேதியும் இல்லை. போன் பண்ண எனக்குத் தைரியமும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில லேப்ல போத்தல் கழுவிக்கிட்டிருந்தேன். டீச்சர் போன் பண்ணினாங்க. "ஒண்ணுக்குப் போயிட்டாக்கா"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டாங்க. நான் சோப்புக் கையோட தரையில உட்கார்ந்து அழுதேன். என்ஜினியர் வந்து எட்டிப் பார்த்துட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிட்டார்.

ஞாயித்துக்கிழமை சாயந்திரம் கோயில் மண்டபத்துல கூட்டம் போட்டோம். லயத்து ஜனம் அத்தனையும் வந்துச்சு. என்ஜினியரும் கூட வந்தார், அவருக்குத் தமிழ் ரெண்டு வார்த்தைக்கு மேல வராது. நான் எழுந்து நின்னு, போன வாரம் நான் சொன்னது பாதிதான், அந்தப் பாதியாலதான் பிள்ளைங்க சீக்கானாங்கன்னு சொன்னேன். கண்ணாடிக் குழாய்ல தண்ணியைப் பிடிச்சு மாத்திரையைப் போட்டுக் காட்டினேன். ரோஸ் கலர் வந்துச்சு. இந்தக் கலர் வந்தா குடிக்கலாம்னேன். கோயில் தலைவர் இருந்த இடத்துல இருந்தே கேட்டார், போன வாரம் விஷம், இந்த வாரம் அமிர்தமா லேப் அக்கா, உங்களுக்கே குழப்பமா இருக்கு லா. நாலு பேரு சிரிச்சாங்க. கேக்க வேண்டிய கேள்விதான், நான் கோவிச்சுக்கலை.

அப்ப ஒரு கார் வந்து நின்னுச்சு. அன்னிக்குத்தான் தர்ஷினியை வீட்டுக்கு அனுப்பியிருந்தாங்க. டீச்சர் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு நேரா மண்டபத்துக்குள்ள வந்தாங்க. அஞ்சு வயசுப் பிள்ளை, இடுப்புல மூணு வயசுப் பிள்ளை மாதிரி இருந்துச்சு. கூட்டம் வழி விட்டுச்சு. டீச்சர் என் முன்னால வந்து நின்னாங்க.

"அக்கா, நேராக் கேக்கறேன். அன்னிக்கு நீங்க சொன்ன அந்தச் சாமான், இன்னிக்கு இந்தத் தண்ணியில கூடவா குறைவா?"

என்ஜினியர் என்னைப் பார்த்தார். பாஷை தெரியாட்டியும் கேள்வி அவருக்குப் புரிஞ்சிருக்கு. குறைவுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், கூட்டம் கலைஞ்சு வீட்டுக்குப் போயிடும், எல்லாரும் அன்னிக்கு ராத்திரியே குழாயைத் திறந்துடுவாங்க. நல்லதுக்குச் சொல்ற பொய்தானேன்னு எனக்குத் தோணாம இல்லை.

"கூடத்தான் இருக்கும் டீச்சர்."

மண்டபத்துல முணுமுணுப்பு கிளம்புச்சு. நான் நிறுத்தலை. இந்தத் தடவை எதையும் முழுங்காமச் சொன்னேன். அந்தச் சாமான் இன்னும் கொஞ்ச நாளைக்குக் கூட இருக்கும், ஆத்துத் தண்ணி தெளிஞ்சா இறங்கும், மருந்து போடற இடத்தை மாத்திட்டோம், ஒவ்வொரு ரிசல்ட்டையும் கொண்டு வந்து இதே மண்டபத்துல ஒட்டறேன்னேன். அது ஆயுசு பூரா குடிச்சாத்தான் கெடுதல், அதுவும் வரலாம்னுதான் சொல்றாங்க. ஆனா மலைத் தண்ணியில இருக்கிற கிருமி ரெண்டே நாள்ல ஆளைச் சாய்ச்சுடும், அதை உங்க பிள்ளைங்களைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டீங்க. குழாய்த் தண்ணியைக் காய்ச்சுங்க. கொதிச்ச பிறகு மூடியை எடுத்துட்டு இன்னும் அஞ்சு நிமிஷம் கொதிக்க விடுங்க, அந்தச் சாமானும் முக்காவாசி ஆவியோட போயிடும். எந்தத் தண்ணியா இருந்தாலும், பளிங்கு மாதிரி இருந்தாலும், காய்ச்சாமப் பிள்ளைங்க வாயில ஊத்தாதீங்க. இவ்வளவுதான் சொன்னேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அன்னிக்கு வேனை அணைச்சுட்டு இறங்கியிருந்தா அதே ரெண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

டீச்சர் கேட்டுக்கிட்டே நின்னாங்க. கோயில் மடப்பள்ளியில நான் சொல்லி மத்தியானமே பொம்பளைங்க ஒரு அண்டா குழாய்த் தண்ணியைக் காய்ச்சி ஆற வச்சிருந்தாங்க. டீச்சர் போய் ஒரு பிளாஸ்டிக் கப்புல மொண்டுக்கிட்டு வந்தாங்க. பிள்ளைக்குக் கொடுக்கப் போறாங்கன்னு நினைச்சேன். கப்பை என்கிட்ட நீட்டினாங்க.

"உங்க கையால கொடுங்க."

நீங்க தினமும் மருந்து அளவுல கையெழுத்துப் போடுவீங்க. ஆயிரக்கணக்கான பேரு குடிக்கிறதுக்குப் போடற கையெழுத்து அது. குடிக்கிற ஆளு முகம் உங்களுக்குத் தெரியாது. எனக்கு அன்னிக்கு அந்த முகம் எதிர்லயே இருந்துச்சு. அந்தத் தண்ணியில என்ன இருக்கு, என்ன இல்லைன்னு அந்த மண்டபத்துல என் அளவுக்குத் தெரிஞ்ச ஆளு யாரும் இல்லை. தெரிஞ்சுதான் கொடுத்தேன்.

தர்ஷினி ரெண்டு கையாலயும் கப்பைப் பிடிச்சு ஒரு வாய் குடிச்சா. குடிச்சுட்டு அம்மாவைப் பார்த்து முகத்தைச் சுளிச்சா.

"சப்புன்னு இருக்கும்மா."

டீச்சர் என்னைப் பார்க்கலை. பிள்ளையைத்தான் பார்த்தாங்க.

"பரவால்ல. குடி."